ஆயர்கள் டெல்லியிடம் கேட்கும் சமத்துவம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று, இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் அழைப்பின்பேரில் கறுப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1950இல் அந்நாளில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, தலித் கிறித்தவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. சரியாக ஐந்து நாள் கழித்து, கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா. வீரமாமுனிவர் பணியாற்றிய அவ்வூருக்குக் கரிசல் காட்டு ஊர்களிலிருந்து திரளும் மக்களில் தலித்துகளும் உண்டு. திருப்பலியில் கத்தோலிக்கராகவும் சாதிச் சான்றிதழில் இந்துவாகவும் வாழ நேர்ந்த குடும்பங்கள் தமிழகத்துக்குப் புதியவையல்ல.

இத்திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் விலகியவன் நான். எனினும் அதன் தலைமையை ஒரே சொல்லால் தள்ளிவிட என்னால் இயலவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிய கரிசல் சேரிகளில், பலருக்குப் பத்தாம் வகுப்பைக் காட்டியது மிஷன் போர்டிங்தான். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்கு உள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. உறுப்பினரில் பெரும்பான்மையினரான தலித்துகள் தலைமையில் மிகச் சிலரே என்பதையும் எழுத்தில் வைத்தது. வேறெந்த மதத் தலைமை இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது?

ஆனால் ஒப்புக்கொண்டவர்களின் கையில்தான் அதிகாரமும் இருக்கிறது. ஒரு மாநில ஆயர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் ஆயர் பதவிக்குத் தகுந்த குருக்களின் பட்டியலை இரகசியமாகத் தயாரிக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 377ஆம் விதி. இடம் காலியாகும்போது திருத்தந்தையின் தூதர் மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புவார். பொதுநிலையினரிடம் கருத்துக் கேட்பது அவர் விருப்பம். 2022 மார்ச்சில் புதுச்சேரி–கடலூர் பேராயர் நியமனத்தைத் தமிழகத் தலித் கிறித்தவ அமைப்புகள் எதிர்த்துப் போராடின. இரண்டே மாதத்தில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலாவின் பெயர் கர்தினால் பட்டியலில் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று முதல் தலித் கர்தினாலானார். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ரோமில் ஒருவர் பெற்ற சிவப்புத் தொப்பி, தமிழகத்துப் பட்டியல்கள் தயாராகும் முறையை மாற்றவில்லை.

சாதி மக்களிடம் வேரூன்றியது, தலைமை என்ன செய்யும் என்பது வழக்கமான பதில். இப்பதிலுக்கு வடக்கன்குளமே மறுப்பு. அங்கே 1872இல் இயேசு சபையினரே சாதிக்கொரு பக்கமாக இரட்டை மண்டபக் கோயிலைக் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவே தடுப்பை அகற்றினார். மேல்சாதியினர் வழக்குத் தொடுத்தனர். மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று 1917ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அவ்வழக்கில், தனியிட உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை துணிந்தபோது சட்டமும் உடன் நின்றது. அதே தலைமையின் காலத்தில்தான் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் நின்றது. சாதிப் பிரிவினையைத் தாங்கும் வழக்கங்களைச் சீர்திருத்துமாறு 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நேரில் கூறியும் இருக்கிறார்.

இத்தாமதத்தின் விலையைச் செலுத்துவோர் ஆயர்கள் அல்லர். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில், திருமுழுக்குப் பெற்றுத் தொடர்ந்து கோயிலுக்குச் செல்பவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மாறியவருக்குச் சாதி இல்லை என்கிறது அரசு. மறைமாவட்டத்திலோ அது மறைந்தபாடில்லை. விலகியவர்களுக்கும் நிம்மதியில்லை: உண்மையாகவே திரும்பிவிட்டோம், தம் சாதியாரும் ஏற்றுக்கொண்டனர் என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தலையில்தான்.

மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும் என்ற ஆயர்களின் கோரிக்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால், ஒவ்வொரு மறைமாவட்டக் குருமடத்திலும் எத்தனை தலித் மாணவர் சேர்கின்றனர், எத்தனை பேர் குருவாகின்றனர், ஆயர் பட்டியலில் எத்தனை பேர் இடம்பெற்றனர் என்ற கணக்கை வெளியிட டெல்லியின் அனுமதி தேவையில்லை. அக்கணக்கை அடுத்த ஆகஸ்ட் 10 அன்றே வெளியிடலாம்.