பழசைப் புதுசாக்காதீர்கள்!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய இஇ-8 ரக போர்க்களத் தொலைபேசி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரி இரண்டு, ஒரு ஜோடி வயர், மறுமுனையில் இன்னொரு போன். கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். சர்வரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்!

ஆனால் விற்றவர் பழைய தோல் உறையை எறிந்துவிட்டு, புதிதாகக் கான்வாஸ் பை தைத்துப் போட்டிருந்தார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்! மாடல் பெயர் பதித்திருப்பது அந்தத் தோலில்தான். முதலில் வந்தது தோல் உறை. கான்வாஸ் பிறகு வந்தது. ஆக, இது ஃபைலின் தேதியை மாற்றி வைப்பது போன்ற வேலை. கிழிசலும் கறையும் இருக்கட்டுமே! வாங்குமுன் எழுத்துகள் தெரியும்படி புகைப்படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.