நம்பப்படாத உடல்கள்

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரன் ஆகஸ்டஸ் டி எஸ்தேவுக்கு 1822 டிசம்பரில் திடீரெனப் பார்வை மங்கியது. தனக்கு வந்த கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 28. சிகிச்சை ஏதுமின்றியே பார்வை திரும்பியது. பின்னர் கால் மரத்தது, நடை தள்ளாடியது. வந்த அறிகுறிகள் முதலில் விலகின, போகப்போக விலகாமல் தங்கின. வேளைக்கு மாட்டிறைச்சி, ஒயின், முதுகுக்குத் தைலம் என்று வைத்தியம் நடந்தது. நோய்க்குப் பெயர்கூட இல்லாத அந்தக் காலத்தில், 1846 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்புதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றி ஒரு நோயாளியே எழுதிய முதல் விரிவான பதிவு.

1868-இல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக நிறுவினார். இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட தழும்புத் திட்டுகளை, அவர்கள் உயிரோடிருந்தபோது பட்ட நடுக்கத்தோடும் குழறிய பேச்சோடும் பொருத்திக் காட்டினார். ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களும் அதே மருத்துவமனையில்தான் இருந்தார்கள். இந்த நோயின் நீண்ட துயரம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். அன்று திட்டுகளைப் பிரேதப் பரிசோதனையில்தான் பார்க்க முடிந்தது. உயிரோடிருப்பவரின் சொல்லுக்கு வேறு சாட்சி இருக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் தாக்கும், வந்து வந்து போகும் நோய் இது. அதனால் எத்தனையோ பேருக்கு 'எல்லாம் மனசுதான்' என்ற பதிலே கிடைத்தது. செல்லோ மேதை ஜாக்குலின் டு பிரேயின் விரல்கள் உணர்விழந்தபோதும் முதலில் மன அழுத்தம் என்றே எண்ணினார்கள். 1973-இல் உண்மை தெரிந்தபோது அவருக்கும் வயது 28.

1980-களில் எம்.ஆர்.ஐ. வந்த பிறகே அந்தத் திட்டுகளை உயிருள்ளவரிடம் காண முடிந்தது. இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையையே அரிக்கிறது. ஏன் அரிக்கிறது என்பதற்கு 2022-இல் ஒரு பெரிய தடயம் கிடைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை ஆராய்ந்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான ஆபத்து 32 மடங்கு உயர்வது தெரிந்தது. ஆனால் உலகில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸ் தொற்றியிருக்கிறது, நோய் வருவதோ மிகச் சிலருக்கே. மரபணு, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, பதின்வயது உடல்பருமன் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

நோயின் போக்கையே மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் 1993-இல் அனுமதி கிடைத்தது. தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கு 2017 வரை மருந்தே இல்லை, ஆக்ரிலிசுமாப்தான் முதலாவது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. இருப்பவை அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கின்றன, இழந்ததை மீட்டுத் தருவதில்லை. ஆகவே முதல் அறிகுறிக்கும் சிகிச்சைக்கும் இடையே கழியும் ஒவ்வொரு மாதமும் நோயாளிக்கு நஷ்டம்.

இருபது முதல் நாற்பது வயதுக்குள் ஒருவருக்கு ஒரு கண் வலியோடு மங்கினாலோ, கை கால் மரத்து நாள்கணக்கில் நீடித்தாலோ, அது தானாகவே சரியாகிவிட்டாலும் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எழவே முடியாத அசதி என்று அவர் சொன்னால் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்பது நோயாளிகளின் உரிமை.