உக்ரைனுக்குப் போனவர்கள் என்ன பார்த்தார்கள்? எதைப் பார்க்காமல் திரும்பினார்கள்?

'ஆர்ஆர்ஆர்' படத்தில் ராம் சரணும் ஜூனியர் என்டிஆரும் போட்டி போட்டு ஆடிய 'நாட்டு நாட்டு' பாட்டு ஞாபகம் இருக்கா? அவர்களுக்குப் பின்னால் தெரியும் நீல நிற அரண்மனை இந்தியாவில் இல்லை. அது உக்ரைன் தலைநகர் கீவில் உள்ள மரீன்ஸ்கி அரண்மனை. அந்நாட்டு அதிபரின் அதிகாரப்பூர்வ மாளிகை.

2021 ஆகஸ்டில் அங்கே ஷூட்டிங் நடந்தது. அடுத்த ஆறே மாதத்தில், 2022 பிப்ரவரி 24 அன்று, அதே நகரத்தின் மீது ரஷ்யாவின் ஏவுகணைகள் விழத் தொடங்கின.

கோடிக்கணக்கான பேர் உக்ரைனைத் திரையில் பார்த்தோம். ஆனால், அது உக்ரைன் என்று தெரியாமலேயே பார்த்தோம். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாட்டுக்கு நேரிலேயே போய் வந்த பலரும்கூட கிட்டத்தட்ட இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்கு உக்ரைன் மக்கள் கொடுத்த விலை பெரியது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பெரிய நாடுதான்... ஆனா ஏன் தெரியலை?

உக்ரைனின் பரப்பளவு சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. ரஷ்யாவை விட்டுவிட்டால், ஐரோப்பாவிலேயே பெரிய நாடு இதுதான். கரிசல் மண்ணும் கோதுமை வயல்களும்தான் அதன் சொத்து. தேசியக் கொடியில் மேலே இருக்கும் நீலத்தை வானம் என்றும், கீழே இருக்கும் மஞ்சளைக் கோதுமை வயல் என்றும் சொல்வார்கள்.

ஆனால், 1991 வரை அது சோவியத் யூனியனின் ஒரு பகுதி. வெளிநாட்டவர் அங்கே போக வேண்டும் என்றால் மாஸ்கோவின் அனுமதி வேண்டும். யாரைச் சந்திக்கலாம், எந்த ஊருக்குப் போகலாம் என்பதையும் அரசுதான் முடிவு செய்தது. போய் வந்தவர்கள் 'ரஷ்யாவுக்குப் போனேன்' என்றுதான் சொன்னார்கள். நம்ம ஊரிலும் மொத்த சோவியத் யூனியனையும் 'ரஷ்யா' என்று சொல்லித்தானே பழகினோம்?

1933: ஒரே ஆண்டு, ரெண்டு பேர், ரெண்டு காட்சி

உக்ரைனில் 1932-33-ல் கொடூரமான பஞ்சம் வந்தது. விவசாயிகளின் தானியத்தை ஸ்டாலின் அரசு பறித்துக்கொண்டதால் வந்த பஞ்சம் இது. 'ஹோலோடோமோர்' என்று உக்ரைன் மக்கள் இதை அழைக்கிறார்கள். பட்டினியால் இறந்தவர்கள் பல லட்சம் பேர். 35 லட்சத்துக்கும் மேல் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு.

அந்த ஆண்டு மார்ச் மாதம் கேரத் ஜோன்ஸ் என்ற 27 வயது வேல்ஸ் பத்திரிகையாளர் அங்கே போனார். மாஸ்கோவிலிருந்து கார்கிவ் செல்லும் ரயிலில் ஏறியவர், வழியிலேயே இறங்கி கிராமம் கிராமமாக நடந்தார். விவசாயிகளின் வீடுகளில் தங்கினார். ரொட்டி இல்லை, சாகிறோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டார். வெளியே வந்ததும் பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பஞ்சம் நடக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்.

உடனே மறுப்பு வந்தது. நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி, ஜோன்ஸ் மிகைப்படுத்துகிறார் என்று எழுதினார்.

சில மாதங்களில் இன்னொரு விருந்தாளி போனார். பிரான்ஸின் முன்னாள் பிரதமர் எட்வார்ட் ஹெரியோ. அவர் வருவதற்கு முன்பே தெருக்கள் சுத்தம் செய்யப்பட்டன, கடைகள் நிரப்பப்பட்டன. அதிகாரிகள் அழைத்துச் சென்ற இடங்களை மட்டும் பார்த்த அவர், பஞ்சமே இல்லை, உக்ரைன் பூத்துக் குலுங்கும் தோட்டம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

உலகம் யாரை நம்பியது? முன்னாள் பிரதமரையும் பெரிய பத்திரிகையையும்தான். ஜோன்ஸ் சொன்னது உண்மை என்று உலகம் பரவலாக ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

1947: விருந்து கிடைத்தது, உண்மை கிடைக்கவில்லை

ரெண்டாம் உலகப் போர் முடிந்து ரெண்டே வருஷத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெயின்பெக், புகைப்படக்காரர் ராபர்ட் காபாவுடன் கீவ் போனார். நகரம் இடிபாடாகக் கிடந்தது. ஆனாலும், மாஸ்கோவில் பார்த்த களைப்பு இங்கே இல்லை, தெருவில் சிரித்துப் பேசுகிறார்கள் என்று தன் பயண நூலில் பதிவு செய்தார். கிராமத்துக் கூட்டுப் பண்ணைகளில் மேஜை நிறைய விருந்து வைத்தார்கள்.

அவர் பார்த்த அந்த அன்பு பொய்யல்ல. விருந்தாளியை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது உக்ரைனின் பழைய வழக்கம். ஆனால், அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் உக்ரைன் இன்னொரு பஞ்சத்தில் சிக்கியிருந்தது. அந்தக் கதையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2012: 'போகாதீங்க' என்றார்கள்... போனவர்கள் என்ன சொன்னார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2005-ல் ஐரோப்பிய யூனியன் நாட்டினருக்கு விசா தேவையில்லை என்று உக்ரைன் அறிவித்தது. 2012-ல் போலந்துடன் சேர்ந்து யூரோ கோப்பை கால்பந்துத் தொடரை நடத்தியது.

போட்டி தொடங்கும் முன்பே சர்ச்சை வெடித்தது. உக்ரைன், போலந்து மைதானங்களில் இனவெறிக் கோஷம் எழுப்புவதையும், கார்கிவ் மைதானத்தில் ஆசிய மாணவர்கள் தாக்கப்படுவதையும் பிபிசி ஆவணப்படம் காட்டியது. அதில் பேசிய முன்னாள் இங்கிலாந்து வீரர் சோல் கேம்பல், அங்கே போனால் சவப்பெட்டியில்தான் திரும்ப வேண்டியிருக்கும் என்று ரசிகர்களை எச்சரித்தார்.

அதையும் மீறிப் போன இங்கிலாந்து ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டோனெட்ஸ்க் நகரத் தெருக்களில் ஒரு போலி சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கேம்பல் சொன்னது தப்பு என்று ஊர்வலம் போனார்கள்!

இதில் யார் சொன்னது சரி? ரெண்டுமே உண்மைதான். ஆவணப்படம் காட்டிய தாக்குதல் நிஜமாகவே நடந்தது. ரசிகர்களுக்குக் கிடைத்த வரவேற்பும் நிஜம். ஒரு நாட்டுக்கு ஒரே முகம்தான் என்று நினைத்ததுதான் பிரச்சனை.

ரெண்டே வருஷத்தில், 2014-ல், அந்த டோனெட்ஸ்க் ரஷ்யா ஆதரவு கிளர்ச்சியாளர்களின் கைக்குப் போனது.

செர்னோபில் என்ற ஒற்றை அடையாளம்

அதே காலத்தில் உக்ரைனுக்கு வந்தவர்களில் பலர் தேடிப் போன இடம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்த இடம். 2019-ல் இது பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஹிட் ஆனதும், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே சென்றார்கள்.

கைவிடப்பட்ட ப்ரிப்யாத் நகரில் செல்ஃபி எடுத்துவிட்டு, விலை குறைவு, தெருவில் யாரும் சிரிப்பதில்லை என்ற ரெண்டு வரி அபிப்ராயத்தோடு திரும்பியவர்களும் உண்டு. முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கமில்லை. பழகிவிட்டால் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிடாமல் விட மாட்டார்கள். இது கொஞ்ச நாள் தங்கினால்தான் தெரியும்.

நம்ம மாணவர்கள் பார்த்த உக்ரைன்

அப்படித் தங்கியவர்கள் இந்திய மாணவர்கள். போருக்கு முன்பு சுமார் 18 ஆயிரம் பேர் அங்கே படித்தார்கள். பெரும்பாலும் மருத்துவம். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் கணிசம். இங்கே தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு கார்கிவும் வின்னிட்சியாவும் ஒரு வழியாக இருந்தன.

போர் தொடங்கியதும் கார்கிவின் மெட்ரோ நிலையங்களிலும் பதுங்கு அறைகளிலும் உக்ரைன் மக்களோடு சேர்ந்து அவர்களும் ஒளிந்தார்கள். மார்ச் 1 அன்று கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார். 'ஆபரேஷன் கங்கா' மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் மீட்கப்பட்டனர்.

கசப்பும் இருந்தது. ரயிலில் ஏறவும் எல்லையைக் கடக்கவும் தங்களைத் தள்ளிவிட்டதாக இந்திய, ஆப்பிரிக்க மாணவர்கள் புகார் சொன்னார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பின் தலைவரே பாகுபாடு நடந்ததை ஒப்புக்கொண்டார். உக்ரைன் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கென தனி ஹெல்ப்லைன் திறந்தது.

இப்போது போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்?

2022 முதல் உக்ரைனில் பயணிகள் விமானம் கிடையாது. அமெரிக்க அதிபராக இருந்த பைடனும் சரி, 2024 ஆகஸ்ட் 23 அன்று கீவ் சென்ற பிரதமர் மோடியும் சரி, போலந்திலிருந்து ரயிலில்தான் போனார்கள். உக்ரைன் சுதந்திரம் பெற்ற பிறகு அங்கே போன முதல் இந்தியப் பிரதமர் மோடிதான்.

போகிறவர்கள் நள்ளிரவு ஊரடங்கையும், ஜெனரேட்டர் வைத்து நடக்கும் காபி கடைகளையும், தினமும் காலை 9 மணிக்கு இறந்தவர்களுக்காக அனுசரிக்கும் ஒரு நிமிட மௌனத்தையும் பார்க்கிறார்கள். சில நாட்களில் கீவ் விழுந்துவிடும் என்று 2022-ல் கணித்தவர்கள் கவனிக்காமல் விட்டது இந்த மக்களைத்தான்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று தலைவர்களை புச்சாவுக்கும் போர் நினைவிடங்களுக்கும் அழைத்துச் செல்வது உக்ரைன் அரசு. அந்தப் பயணத்தில் எல்லாமே தெரிந்துவிடாது. 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டத்தில் ஜெலன்ஸ்கி கையெழுத்திட்டபோது, போர் நடக்கும்போதே மக்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. இதுவும் உக்ரைன்தான்.

ஏன் இது முக்கியம்?

ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் படையெடுப்பு நடந்தது. உலகத்தில் பலருக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோது தப்பாகத் தெரியவில்லை. காரணம், அவர்களும் உக்ரைனை மாஸ்கோவின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

ஹெரியோ பொய் சொல்ல வேண்டும் என்று கிளம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. காட்டியதைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். ஜோன்ஸ் செய்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கி நடந்தார்.