வேகனில் 11 இலக்க நம்பர்... கடைசி இலக்கம்தான் காவல்காரன்!

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் வண்டியை ஆஃப் செய்துவிட்டு நிற்கிறீர்கள். கூட்ஸ் வண்டி கடந்து போகிறது. வேகன்களை எண்ணாத நெல்லைக்காரர் உண்டா? அடுத்த தடவை எண்ணுவதோடு நிற்காமல், வேகனின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள். அதில் ஒரு வேகனின் ஜாதகமே இருக்கிறது.

முதலில் எழுத்துகள்

‘பி.சி.என்.’ என்று எழுதியிருந்தால், ‘பி’ என்பது எட்டுச் சக்கர போகி வேகன். ‘சி’ என்றால் கூரையோடு மூடியது. ‘என்’ என்றால் ஏர் பிரேக் உள்ளது. நனையக் கூடாத அரிசி, உரம், சிமென்ட் மூட்டைகள் எல்லாம் இதில்தான் வரும்.

‘பி.ஓ.எக்ஸ்.என்.’ என்றால் மேலே திறந்த, உயரமான பக்கச் சுவர்கள் கொண்ட வேகன். நிலக்கரிக்கு இதுதான். ‘பி.டி.பி.என்.’ என்றால் பெட்ரோல், டீசல் போகும் டேங்கர்.

பக்கத்திலேயே காலி வேகனின் எடை, எத்தனை டன் ஏற்றலாம், அடுத்த பெரிய பராமரிப்புக்கு எப்போது பணிமனைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் எழுதியிருக்கும்.

அப்புறம் அந்த 11 இலக்கம்

டி.என்.72 என்று பார்த்ததும் ‘நம்ம ஊர் வண்டி’ என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? வேகன் நம்பரும் அப்படித்தான். ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: 30 06 12 4718 2.

முதல் 2 இலக்கம் வேகனின் வகை. 10 முதல் 29 வரை திறந்த வேகன்கள், 30 முதல் 39 வரை மூடியவை. அடுத்த 2 இலக்கம் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் நம்ம தெற்கு ரயில்வே. அடுத்த 12, வேகன் தயாரான ஆண்டு 2012. அதற்குப் பின் வரும் 4 இலக்கம் அந்த வேகனின் தனி எண்.

மிச்சம் இருக்கும் அந்த ஒற்றை ‘2’ எதற்கு? அதுதான் காவல்காரன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதல் 10 இலக்கங்களில் 2, 4, 6, 8, 10-வது இடங்களில் இருப்பவற்றைக் கூட்டுங்கள். 0+6+2+7+8 = 23. அதை 3-ஆல் பெருக்கினால் 69. இனி 1, 3, 5, 7, 9-வது இடங்கள். 3+0+1+4+1 = 9. இரண்டையும் சேர்த்தால் 78. அடுத்த முழுப் பத்தான 80-ஐத் தொட இன்னும் 2 வேண்டும். அந்த 2-தான் கடைசி இலக்கம்!

இப்போது யாரோ 4718 என்பதை அவசரத்தில் 7418 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். கூட்டல் 72 ஆகிவிடும். கடைசி இலக்கம் 8 வர வேண்டும், ஆனால் இருப்பதோ 2. தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். எந்த ஒரு இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் தப்பித்துவிடும். நாம் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் 13 இலக்க பார்கோடிலும் இதே ‘மூன்றால் பெருக்கு’ வித்தைதான்.

ஒரு நம்பருக்கு இவ்வளவு பாதுகாப்பா?

ஒரு கூட்ஸ் வண்டியில் 40-க்கும் மேற்பட்ட வேகன்கள் இருக்கும். யார்டில் டிரெயின்ஸ் கிளார்க் ஒவ்வொரு நம்பராகக் குறித்து, ‘ஃபாய்ஸ்’ எனப்படும் ரயில்வேயின் சரக்குத் தகவல் அமைப்பில் ஏற்ற வேண்டும். வெயில், மழை, இரவு, மங்கிய பெயின்ட் என்று தப்பு வர ஆயிரம் வழி இருக்கிறது. ஒரு இலக்கம் தவறினால், கணினியில் வேறு ஏதோ ஒரு வேகன் நெல்லைக்கு வந்துகொண்டிருக்கும். நிஜமான வேகன் எங்கேயோ நிற்கும்.

அப்படி நின்றால் என்ன ஆகும்? 2018 ஜூலையில் வந்த செய்தி ஒன்று நினைவிருக்கலாம். 2014 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் 1,316 டி.ஏ.பி. உர மூட்டைகளோடு புக் செய்யப்பட்ட ஒரு வேகன், உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி நகருக்கு மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகி வந்து சேர்ந்ததாகச் செய்திகள் சொல்லின. ‘ரயில் நான்கு வருஷம் லேட்’ என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதுதான். உண்மையில் அந்தச் செய்திகள் சொன்னது முழு ரயிலைப் பற்றி அல்ல, ஒற்றை வேகனைப் பற்றி. பழுதான வேகனை ‘சிக்’ என்று சொல்லி வண்டியிலிருந்து கழற்றிவிடுவார்கள். நம்பர் சரியாக இருந்தாலும், கழற்றிய வேகனைத் தேட ஆள் வேண்டும் என்பதே அதில் பாடம்.

நம்ம தாமிரபரணிப் பாசனத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பிசான நெல்லுக்கு டி.ஏ.பி. அடியுரமாகப் போட வேண்டியது. நடவு முடிந்த பிறகு வந்தால் யாருக்கு லாபம்? மூன்றரை வருஷம் வேண்டாம், மூன்று வாரம் தாமதமானாலே கஷ்டம்தான்.

இனி?

வேகன்களில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் பொருத்தும் வேலையை ரயில்வே செய்துவருகிறது. நாங்குநேரி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்வதைப் போலத்தான். வண்டி ஓடும்போதே தண்டவாளத்தோரக் கருவி நம்பரைப் படித்துக்கொள்ளும். கண்ணும் பேனாவும் செய்யும் தப்பு அதில் குறையும்.

ரயிலில் சரக்கு புக் செய்யும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: ரயில்வே ரசீதோடு எஃப்.என்.ஆர். எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஃபாய்ஸ் இணையதளத்தில் அதைத் தட்டினால் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அங்கே ஊர்கள் சுருக்கெழுத்தில்தான் வரும். டி.இ.என். என்றால் திருநெல்வேலி, எம்.இ.ஜே. என்றால் மணியாச்சி. டி.என். என்று வந்தால் தமிழ்நாடு என்று நினைத்துவிடாதீர்கள், அது தூத்துக்குடி!