யாருடைய மோதிரம்?



முதலில் ஒரு கேள்வி. உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டிய உங்கள் நண்பனுக்கு, முதல் நாள் கால் சுளுக்கிக் கொள்கிறது. வருடம் முழுவதும் காலை 5 மணிக்கு எழுந்து பயிற்சி செய்தவன் அவன். பி.டி., மாஸ்டர் உங்களைக் கூப்பிட்டு, "அவனுக்கு பதிலா நீ ஓடுடா..." என்கிறார். ஓடுகிறீர்கள், உங்கள் அணி ஜெயிக்கிறது. கழுத்தில் பதக்கம் மாட்டுகின்றனர். நண்பனோ, காலில் கட்டோடு மரத்தடியில் உட்கார்ந்து கை தட்டிக் கொண்டிருக்கிறான்.

அந்தப் பதக்கத்தை என்ன செய்வீர்கள்?

யோசித்துக் கொண்டே இருங்கள். அதற்குள், இதே சிக்கலில் மாட்டிக் கொண்ட ஒருவரைப் பற்றி சொல்லி விடுகிறேன். அவர் பெயர் ஜோனாதன் தர்ஸ்டன். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் வீரர்.

ரக்பி லீக் என்றதும் விழிக்காதீர்கள். நம் கபடியில் பாடி வருபவரை மடக்கிப் பிடிக்கிறோம் அல்லவா... அதைப் போல, முட்டை வடிவ பந்தைத் தூக்கிக் கொண்டு ஓடி வருபவரை மடக்கிப் பிடிக்கும் ஆட்டம் இது. ஒரு பக்கம் 13 பேர். பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வரும் கூட்டாளிக்குத் தான் எறியலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டி பந்தை தரையில் வைத்து விட்டால், அதற்கு, 'ட்ரை' என்று பெயர்; 4 புள்ளி. அதன்பின், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால், இன்னும் 2 புள்ளி. ஆட்டத்தின் நடுவே தரையில் பட்டு எழும் பந்தை உதைத்து, கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால், 1 புள்ளி. ஒரு அணியை, 6 முறை மடக்கி விட்டால் பந்து எதிரணிக்குப் போய் விடும். இந்த, '6' என்ற எண்ணை மறந்து விடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

தர்ஸ்டன், 1983ல் பிரிஸ்பேன் நகரில் பிறந்தவர். தாய் வழியில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர். இந்த ஆட்டத்தில் மலை மாதிரி ஆட்கள் தான் இருப்பர். தர்ஸ்டனோ ஒல்லி. 'இந்தப் பையன் தாங்க மாட்டான்...' என்று பல அணிகள் அவரை ஒதுக்கி விட்டன. கடைசியில், சிட்னியைச் சேர்ந்த புல்டாக்ஸ் அணி இடம் கொடுத்தது. அந்த அணிக்காக, 2002ல் முதல் ஆட்டம் ஆடினார்.

இரண்டே ஆண்டில், 2004ல், புல்டாக்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்து விட்டது. அணியின் தலைவர் ஸ்டீவ் பிரைஸ். அவருக்கு காயம், ஆட முடியவில்லை. அதனால் கிடைத்த வாய்ப்பில், 21 வயது தர்ஸ்டன், மாற்று வீரராகக் களம் இறங்கினார். சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை, 16-13 என்று வென்றது புல்டாக்ஸ். ஜெயித்த அணியில் ஆடியவர்களுக்கு மோதிரம் தருவது அங்கே வழக்கம். தர்ஸ்டனுக்கும் மோதிரம் கிடைத்தது.

அதைக் கொண்டு போய், ஸ்டீவ் பிரைசிடமே கொடுத்து விட்டார்.

ஆண்டு முழுவதும் அணியை நடத்தி வந்தவர் பிரைஸ். மோதிரம் அவருக்குத் தான் சேர வேண்டும் என்பது தர்ஸ்டனின் எண்ணம். இதை எல்லாரும், 'பெரிய தியாகம்' என்று பாராட்டுகின்றனர். பாராட்ட வேண்டியது தான். ஆனால், எனக்கு ஒன்று தோன்றுகிறது. 21 வயதில், அடுத்த மோதிரம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பெரிய பெரிய வீரர்கள் பலர், ஒரு மோதிரம் கூட இல்லாமல் ஓய்வு பெற்றிருக்கின்றனர். அது தெரிந்தும் கையில் இருந்ததைக் கொடுத்தார் பாருங்கள்... அது தான் விஷயம்.

அடுத்த ஆண்டே, நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்கு மாறினார். பிரிஸ்பேனில் இருந்தே ஆயிரம் கி.மீ.,க்கும் அப்பால், வடக்கே கடலோரம் இருக்கும் டவுன்ஸ்வில் நகரத்து அணி அது. 1995ல் தான் போட்டிக்கே வந்தது. கோப்பையைத் தொட்டதே இல்லை. தர்ஸ்டன் போன முதல் ஆண்டிலேயே இறுதிப் போட்டி! ஆண்டின் சிறந்த வீரருக்கான, 'டாலி எம்' பதக்கமும் அவருக்கே. 'ஆகா, மோதிரம் திரும்பி வந்து விட்டது...' என்று தானே நினைக்கிறீர்கள்? இல்லை. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியிடம், 30-16 என்று தோற்றனர். அந்த ஆட்டத்தில் டைகர்ஸ் வீரர் பென்ஜி மார்ஷல், ஓடிக் கொண்டே மணிக்கட்டைச் சுழற்றி பின்னால் தட்டி விட்ட ஒரு பந்து, 'ட்ரை' ஆனது. ஆஸ்திரேலியாவில் இன்றும் அதைப் பேசுகின்றனர். இந்தத் தட்டி விடுதலையும் நினைவில் வையுங்கள்.

2007ல் இரண்டாவது, 'டாலி எம்' பதக்கம் தர்ஸ்டனுக்கு வந்தது. ஆனால், அதன்பின் அணிக்கு சறுக்கல். 2010ல், 16 அணிகளில், 15வது இடம். அவர்களுக்குக் கீழே இருந்த மெல்போர்ன் அணி, விதியை மீறியதற்காக புள்ளிகள் எல்லாம் பறிக்கப்பட்ட அணி! அப்படியானால், உண்மையில் யார் கடைசி என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மெல்ல மெல்ல மேலே வந்தனர். வந்த பிறகு தான் வேடிக்கை... வேடிக்கை என்றா சொல்வது? வயிற்றெரிச்சல் என்று சொல்ல வேண்டும்!

2012, நாக்-அவுட் சுற்று; மேன்லி அணியிடம், 22-12 என்று தோல்வி. நடுவர்களின் முடிவுகள் பெரிய சர்ச்சையாகின.

2013, மீண்டும் நாக்-அவுட். எதிரில் குரோனுல்லா அணி. 6 முறை மடக்கினால் பந்து கை மாற வேண்டும் என்றேனே... நடுவர்கள் எண்ணுவதில் தவறு செய்து விட்டனர்! 7வது முறையும் குரோனுல்லாவுக்கே பந்து. அதில் ஒரு, 'ட்ரை!' கடைசியில், 20-18 என்று, 2 புள்ளியில் தோற்றது கவ்பாய்ஸ்.

2014, ரூஸ்டர்ஸ் அணி, 30-0 என்று முன்னணியில். 'டிவி'யை அணைத்து விட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால், கவ்பாய்ஸ், 30-30க்குக் கொண்டு வந்து விட்டனர். எதிரணி, 1 புள்ளி எடுத்தது. கடைசி நிமிடங்களில் தர்ஸ்டன், கோட்டைத் தாண்டி பந்தை வைத்தார். மைதானமே குதித்தது! 'அதற்கு முன் கூட்டாளி ஒருவரின் கையில் பட்டு பந்து முன்னால் போய் விட்டது, செல்லாது...' என்று அறிவித்தனர். 31-30. முடிந்தது கதை.

மூன்று ஆண்டு, மூன்று முறை! நம் தெருக் கிரிக்கெட்டில் ஒரே ஒரு, 'எல்.பி.டபிள்யூ.,' தகராறுக்கே, 'என் பேட், நான் போறேன்...' என்று வீட்டுக்கு நடந்து விடுகிறோம். அவர் அடுத்த ஆண்டும் வந்தார். அந்த, 2015ம் ஆண்டு, முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி!

அப்புறம் தொடர்ச்சியாக, 11 வெற்றி. நான்காவது, 'டாலி எம்' பதக்கம். அதற்கு முன் யாரும் நான்கு முறை வாங்கியதில்லை. 2015 அக்டோபர் 4ம் தேதி, சிட்னியில் இறுதிப் போட்டி. எதிரணி, பிரிஸ்பேன் பிரான்கோஸ். பார்க்க வந்தவர்கள், 82 ஆயிரத்துக்கும் மேல்.

கடைசி வினாடிகள். பிரான்கோஸ் 16, கவ்பாய்ஸ் 12. தர்ஸ்டன் பந்தோடு அங்கும் இங்கும் ஓடி ஆட்களை ஏமாற்றி, மைக்கேல் மோர்கனுக்கு எறிந்தார். மோர்கனைச் சுற்றி எதிரிகள்; அவர் என்ன செய்தார் தெரியுமா? மணிக்கட்டைச் சுழற்றி ஒரு தட்டு! பத்து ஆண்டுக்கு முன், இதே மைதானத்தில் கவ்பாய்சைக் கவிழ்த்த அதே வித்தை. வலது மூலையில் கைல் பெல்ட் பாய்ந்து, 'ட்ரை' வைத்தார். ஆட்டம் முடிந்ததற்கான சங்கும் ஊதி விட்டது. 16-16.

இப்போது தர்ஸ்டன் உதைக்க வேண்டும். மைதானத்தின் ஓரக் கோட்டில் இருந்து, மிகச் சாய்வான இடம். உள்ளே போனால் கோப்பை. 11 ஆண்டுக்கு முன் கொடுத்து விட்ட மோதிரம், இந்த ஒரு உதையில் இருக்கிறது. பந்து வளைந்து போனது... போனது... 'டங்!' கம்பத்தில் மோதி விழுந்து விட்டது.

குட்டீஸ், இவரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இதற்குப் பிறகு வரும் இரண்டு நிமிடங்கள் தான். யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழத் தோன்றும். அழ நேரமில்லை. கூடுதல் நேரத்தில், யார் முதலில் புள்ளி எடுக்கின்றனரோ அவர்களே வெற்றியாளர். கவ்பாய்ஸ் உதைத்த முதல் பந்து உயரே போய், பிரான்கோஸ் வீரர் பென் ஹன்ட் கையில் விழுந்தது, நழுவி விட்டது! பந்து கவ்பாய்சுக்கு. சற்று முன் கம்பத்தில் அடித்த அதே தர்ஸ்டன், பின்னால் போய் நின்று, 'என்னிடம் கொடு' என்று கேட்டு வாங்கி உதைத்தார். நேராக நடுவில் போனது. 17-16.

அன்றைய சிறந்த வீரருக்கான பதக்கமும் அவருக்கே. ஆட்டம் முடிந்த பின், மைதானத்தில் தன் சின்ன மகளைத் தூக்கி வைத்திருந்தார். அவள் கையில் ஒரு கறுப்பு நிறப் பொம்மை. அந்தப் படம் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியது.

இத்துடன் கதையை முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால், 2017ல் தோளில் காயம். அந்தத் தோளுடனே, தன் மாநில அணிக்காக ஆடி, கடைசி நிமிடங்களில் வெற்றி உதையைப் போட்டார். அதோடு அந்த ஆண்டு ஆட்டம் முடிந்து விட்டது. அவர் இல்லாத கவ்பாய்ஸ், தட்டுத் தடுமாறி எட்டாவது இடத்தில் நுழைந்தது. அதுவும் எப்படி? கடைசிச் சுற்றில் வேறொரு அணியை, தர்ஸ்டனின் பழைய புல்டாக்ஸ் தோற்கடித்ததால்! யாரும் எதிர்பாராமல் இறுதிப் போட்டி வரை போயினர். தர்ஸ்டன் ஆட முடியவில்லை. 2004ல் ஸ்டீவ் பிரைஸ் இருந்த அதே நிலை. மெல்போர்னிடம், 34-6 என்று தோற்றது கவ்பாய்ஸ். அடுத்த ஆண்டு, 2018ல், 323 ஆட்டங்களுடன் ஓய்வு பெற்றார்.

உதைப்பதற்காக பந்தை நிறுத்தி வைக்கும் சின்னத் தாங்கி ஒன்று உண்டு. உதைத்ததும் பலர், அதைப் புல்லில் வீசி விடுவர். எடுத்துப் போக ஒரு பையனோ, பெண்ணோ ஓடி வர வேண்டும். தர்ஸ்டன், தானே அதை எடுத்து, அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும், தலைக்கவசத்தைக் கூட்டத்தில் ஒரு சிறுவருக்கோ, சிறுமிக்கோ கொடுத்து விட்டுப் போவார். கொடுத்துப் பழகிய கை!

பந்தை நழுவ விட்ட பென் ஹன்ட் என்ன ஆனார் என்று கேட்க மாட்டீர்களா? ஆண்டுக்கணக்கில் அந்தக் காட்சியையே போட்டுக் காட்டினர், பாவம். வேறு அணிக்குப் போனார். 2022ல், மாநில அணிக்காக, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக் கொண்டு நெடுந்தூரம் ஓடி, 'ட்ரை' வைத்து தொடரை ஜெயிக்க வைத்தார். 2025ல் பிரான்கோசுக்கே திரும்பினார். அந்த ஆண்டு அக்டோபர் 5ம் தேதி, அதே சிட்னி மைதானத்தில் இறுதிப் போட்டி. பிரான்கோஸ், 26-22 என்று மெல்போர்னை வென்றது. பந்து நழுவிய நாளில் இருந்து, 10 ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 35 வயதில் ஹன்ட்டுக்கு கோப்பை.

சரி குட்டீஸ்... மரத்தடியில் நண்பன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் இருக்கும் பதக்கத்தை என்ன செய்வதாக முடிவு செய்தீர்கள்? 'நான் தானே ஓடினேன், நானே வைத்துக் கொள்வேன்' என்றாலும் தப்பில்லை. ஏன் என்று காரணம் மட்டும் எழுத வேண்டும். உங்கள் கடிதங்களுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்