பாடப்புத்தகத்தில் இருக்கிறது, கடையில் இல்லை: பிள்ளைகள் திருட்டு மென்பொருளை நாடுவது ஏன்?

பூதலூர் போன்ற ஊர்களில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளை வீட்டில் கணினிப் பாடம் பழக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்பு 'கணினிப் பயன்பாடுகள்' பாடத்திட்டம் 2019-ல் மாறியபோது, அதில் அடோபி பேஜ்மேக்கர் ஒரு பாடமாக இடம்பெற்றது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். பிறகு அடோபி அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. காசு கொடுத்து முறையாக வாங்கலாம் என்றால்கூட இன்று அந்த நிறுவனம் அதை விற்பதில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? தெருமுனை சர்வீஸ் கடையில் ஒரு பென் டிரைவில் அது கிடைக்கும்.

அந்தக் கடையில் பேஜ்மேக்கர் மட்டுமா கிடைக்கிறது? விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி, 'ஓ.எஸ். போட்ட கூலி' என்று சில நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். உரிமம் இருக்கிறதா என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபாரத்துக்காகவோ லாபத்துக்காகவோ இல்லாமல் பயன்படுத்தியிருந்தால், சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம். மார்க்க ரீதியாகவும் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது.

ஆகவே 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. அதே நேரம், 'திருடாதே' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வாங்கவே முடியாத ஒன்றைப் பாடமாக வைப்பதும் நியாயமில்லை.

எல்லாப் பாடமும் இப்படி இல்லை. அதே ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் டேலி இருக்கிறது. வளைகுடாவில் கணக்கர் வேலைக்குப் போக நம் இளைஞர்கள் முதலில் கற்பதும் டேலிதான். அதை உரிமம் இல்லாமலேயே கல்விப் பயன்முறையில் முறைப்படி திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். பழகுவதற்கு அது தாராளம். இது தெரியாமல் கிராக் செய்த டேலியைத் தேடுபவர்கள் நம்மிடையே ஏராளம். ஆட்டோகேட் கற்கும் மாணவர்களுக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசக் கல்வி உரிமம் தருகிறது. கடிதம் எழுதவும் கணக்குத் தாள் போடவும் லிப்ரே ஆபீஸ் போதும், அதற்குக் கட்டணமே கிடையாது. பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது. யூனிகோடு தமிழ் அதில் வேலை செய்யும்.

டிடிபி கடைகளின் சிக்கல் வேறு. நிக்காஹ் பத்திரிகையும் மதரஸா ஆண்டுவிழா நோட்டீஸும் அடிக்கும் கடைகள் பல, பழைய தமிழ் எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரிலேயே நின்றுவிட்டன. பழைய கோப்புகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதிய இன்டிசைனுக்கோ மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். சிறு கடைக்கு அது பாரம்தான். ஆனால் தொழிலுக்குப் பயன்படுத்துபவர் மீதுதான் சட்டம் கடுமையாகப் பாயும் என்பதையும் மறக்கக் கூடாது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. பழைய லேப்டாப்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றில் கிராக் செய்த விண்டோஸை ஏற்றுவதைவிட இலவச லினக்ஸ் ஏற்றுவது பாதுகாப்பானது. கிராக் கோப்போடு வைரஸும் வந்து, அதே லேப்டாப்பில் நாம் பார்க்கும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் களவு போகக்கூடும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமும் பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் லினக்ஸில்தான் நடக்கின்றன. அங்குள்ள பிள்ளை பள்ளியில் கற்றதையே வீட்டிலும் காசில்லாமல், குற்றமில்லாமல் பழகுகிறது. இங்கும் பேஜ்மேக்கர் பாடத்தை நீக்கி ஸ்க்ரைபஸ் போன்ற ஒன்றை வைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கோடை விடுமுறை வகுப்பு நடத்தும் ஜமாஅத்துகள் ஒரே ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். விவரம் தெரிந்த கல்லூரி மாணவர் இருவர் உட்கார்ந்து, வரும் லேப்டாப்களில் லிப்ரே ஆபீஸும் டேலியின் கல்விப் பயன்முறையும் ஏற்றிக் கொடுத்தால் போதும். உணவில் ஹலால் பார்க்கக் கற்றுக்கொடுத்த நாம், பிள்ளைகள் தொழில் கற்கும் கருவியிலும் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம்.