இல்லத்துக் கருவிகளும் இன்தமிழும்

கருவி செய்யக் கற்றதனால் மனிதன் உயர்ந்தான். அக்கருவியைக் கையாளும் முறையைப் பிறனுக்குச் சொல்ல மொழி கண்டதனால் மேலும் உயர்ந்தான். கருவி ஒரு பக்கமும் அதைப் பற்றிய அறிவு மறுபக்கமும் பிரிந்து நின்றால், கருவியின் பயன் குன்றும். சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளையும். அத்தகைய பிரிவு இன்று நம் இல்லங்களில் நேர்ந்திருக்கிறது.

கடையில் பேரம் தமிழில் நடக்கிறது. புகழுரைகள் தமிழில் பொழிகின்றன. ஆனால், வாங்கிய பொருளை வீட்டிற்குக் கொணர்ந்து பெட்டியைப் பிரித்தால், உள்ளிருக்கும் வழிகாட்டிக் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே பேசுகிறது. அதைத் தமிழில் தருவது விற்பவர் கடமை. செம்மையாக எழுதித் தருவது தமிழ் பயின்றோர் கடமை. இவ்விரண்டையும் வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிகள் பெருகிய காலம்

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கையேடு தேவைப்படவில்லை. தாய் அரைக்க, மகள் பார்த்துக் கற்றாள். 1955ஆம் ஆண்டில் கோவையில் சபாபதி என்பார் மாவரைக்கும் மின்பொறியை உருவாக்கினார். கோவை கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. மிக்சியும் குளிர்பதனப் பெட்டியும் தொடர்ந்து வந்தன. 2006இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் விலையின்றி வழங்கும் திட்டங்களைத் தமிழக அரசு தொடங்கியது. செல்வர் வீட்டுப் பொருள்களாயிருந்தவை குடிசைக்குள்ளும் இடம்பெற்றன. நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலேயே 2007 முதல் பெருந்தொழிற்சாலை ஒன்று இயங்கி, தொலைக்காட்சிப் பெட்டிகளையும் குளிர்பதனப் பெட்டிகளையும் சலவை இயந்திரங்களையும் செய்து அனுப்புகிறது. கருவி வாசல்வரை வந்துவிட்டது. அதனோடு வரவேண்டிய அறிவோ வாசலிலேயே நின்றுவிட்டது.

அறியாமையின் விலை

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் எம் மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நெசவாளர் குடும்பம். “வாங்க சார், உட்காருங்க. சட்னி அரைக்கலாம்னு பார்த்தேன், மிக்சி மறுபடியும் நின்னுபோச்சு” என்று வருந்தினார் மாணவரின் தாயார். முன்னரும் இருமுறை அது நின்றது. இருமுறையும் பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் சென்று பணம் கொடுத்து மீட்டிருக்கிறார். மாணவர் பரண்மேல் கிடந்த கையேட்டைத் தேடியெடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். “அம்மா, அடியில சிவப்பா ஒரு பொத்தான் இருக்காம். சுமை அதிகமானா தானா நின்னுடுமாம். கொஞ்சம் ஆறவிட்டு, அதை அழுத்தணுமாம்.” அழுத்தினார், மிக்சி ஓடியது. “இதைத் தமிழ்ல போட்டிருந்தா நான் ரெண்டு தடவை தூக்கிட்டு நடந்திருக்க மாட்டேனே!” என்றார் அத்தாயார். அவர் நாள்தோறும் தமிழ் நாளிதழ் படிப்பவர். எழுத்தறியாதவர் அல்லர், எழுத்தறிந்தும் அறியாதவராக்கப்பட்டவர்.

அவருக்கு நேர்ந்தது பண இழப்பு மட்டுமே. வேறு சில அறியாமைகள் உயிரையே விலையாகக் கேட்கும். மும்முனைச் செருகியில் ஒரு முனை மட்டும் நீண்டும் பருத்தும் இருப்பது அழகுக்கன்று. அது முதலில் இணைந்து கடைசியில் விலகும். கசியும் மின்சாரத்தை நம் உடலின் வழியே போகவிடாமல் நிலத்திற்குக் கொண்டு செல்லும். இதை அறியாதார் அம்முனையை வெட்டிவிட்டு, இருமுனைத் துளையில் செருகுகின்றனர். வெந்நீர்க் கம்பி வாளிக்குள் இருக்கும்போதே, மின்சாரத்தை நிறுத்தாமல், சூடு பார்க்க நீரில் விரல் வைப்போர் உளர். உறைபெட்டியின் பனிக்கட்டியைக் கத்தியால் சுரண்டிக் குழாயைத் துளைத்துவிடுவோரும் உளர். இவற்றைப் பற்றிய எச்சரிக்கைகள் கையேடுகளில் இல்லாமல் இல்லை. அவை படிப்போருக்குப் புரியாத மொழியில் உறங்குகின்றன.

உத்தரவாதச் சீட்டின் நிலையும் இதுவே. எத்தனை காலத்திற்கு, எந்த உறுப்புக்கு, எந்நிபந்தனையின்மேல் உத்தரவாதம் என்பது பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பழுது நேர்ந்தபின் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதே வாங்கியவருக்குச் சட்டமாகிறது.

தறி தரும் பாடம்

தொழில்நுட்பத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என ஐயுறுவோர் காஞ்சியின் தறிக்கூடத்திற்குள் நுழைந்து பார்க்கட்டும். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, மிதி என ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயருண்டு. ஒவ்வொரு பழுதுக்கும் சொல்லுண்டு. உடலையும் கரையையும் வெவ்வேறு வண்ணத்தில் நெய்து பிணைக்கும் நுட்பத்திற்குக் கோர்வை என்று பெயர். ஜக்கார்டு என்னும் பொறி பிரான்சு நாட்டில் 1804இல் உருவானது. கடல் கடந்து வந்த அப்பொறியை நம் நெசவாளர் தம் தறிமேல் ஏற்றினர். அதன் துளையட்டைகளைத் தம் பேச்சுக்குள்ளும் ஏற்றினர். தறி நின்றால் காரணத்தைத் தாமே கண்டறிவர். கருவியின் அறிவு அவர்தம் தாய்மொழியில் இருப்பதனால், கருவி அவருக்கு அடங்கியிருக்கிறது. அதே நெசவாளர் சமையலறையில் மிக்சியின் முன் கைகட்டி நிற்பது ஏன்? அறிவுக் குறையன்று, மொழித் தடையே.

இஸ்லாமியத் தமிழ் மரபும் இவ்வுண்மையை அறிந்திருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வாயிலாக, அரபு மொழி கல்லாத இல்லத்துப் பெண்டிருக்கும் நம் முன்னோர் மார்க்க அறிவைக் கொண்டு சேர்த்தனர். அறிவு யாருக்குரியதோ அவர் மொழியில் அதைத் தருவதே அறம் என்பதை அவர்கள் செயலால் காட்டினர்.

சட்டம் சொல்வது

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், பொட்டலத்தின் மேலுள்ள கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. பிற மொழியையும் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்றும் கூறுகின்றன. தமிழுக்குத் தடையில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் எனத் தமிழ்நாட்டில் விதியுண்டு. பலகைக்குள்ள சிறப்பு பெட்டிக்குள் இல்லை என்பது வியப்பன்றோ?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுரையும், தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையும் தராத உற்பத்தியாளரைத் தீங்குக்குப் பொறுப்பாக்குகிறது. வாங்குபவரால் படிக்க இயலாத அறிவுரை ‘போதிய’ அறிவுரை ஆகுமா? ஆகாது என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளுக்காக 2014இல் வகுத்த நெறி, பாதுகாப்புக் குறிப்புகள் நுகர்வோர் எளிதில் உணரும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், அம்மொழி எதுவென்பதை அந்தந்த உறுப்பு நாடே முடிவு செய்யும் என்றும் விதிக்கிறது. அங்கு நாடுகளுக்குள்ள அவ்வுரிமை இங்கு மாநிலங்களுக்கு வாய்த்தல் வேண்டும்.

இந்தியாவில் மொழிகள் பல. அனைத்திலும் அச்சிட்டால் செலவு கூடும் என்பர் சிலர். எல்லா மொழியிலும் எல்லாப் பெட்டியிலும் வைக்குமாறு யாரும் கேட்கவில்லை. விற்கும் மாநிலத்தின் மொழியில், இன்றியமையாத குறிப்புகளும் எச்சரிக்கைகளும் உத்தரவாத நிபந்தனைகளும் அடங்கிய ஒரே தாள் போதும். கைப்பேசித் திரையில் தமிழைத் தெரிவுசெய்யும் வசதி வந்துவிட்ட காலத்தில், மிக்சிப் பெட்டிக்குள் ஒரு தமிழ்த் தாளை வைப்பது அரிய செயலன்று.

தமிழ் மாணவர் பணி

உரிமை கேட்பதோடு நம் பணி முடிவதில்லை. தமிழில் வரும் சில கையேடுகளைப் படித்தால் ஆங்கிலமே மேல் எனத் தோன்றுகிறது. “சாதனம் மின்மூலத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பது உறுதி செய்யப்படுதல் வேண்டும்” என்று எழுதுவதைவிட, “கழுவும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்” என்று எழுதுவதே தமிழ். பிளக்கும் மிக்சியும் பிறமொழிச் சொற்களாயிற்றே எனத் தயங்க வேண்டா. திசைச்சொல்லுக்கு இடம் வகுத்தது தொல்காப்பியம். மேசையும் அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசியர் வழி வந்து நம்முடையவாயின. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, தொடர் புரிகிறதா என்பதே கையேட்டில் முதன்மையானது.

எனவே, இளங்கலைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கருவி ஒன்றின் கையேட்டை எடுத்து, தம் தாயாருக்கு விளங்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதிப் பழகட்டும். தாயார் படித்து, பிறர் உதவியின்றிக் கருவியை இயக்கினால் முழு மதிப்பெண். இயக்க இயலாவிடின் மீண்டும் எழுதட்டும். நம் பெரியோர் பொருள் வாங்கும்போது, “தமிழ்க் குறிப்பு உண்டா?” என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். ஒருவர் கேட்டால் புன்னகைப்பார்; நூறு பேர் கேட்டால் நிறுவனத்திற்கு எழுதுவார்.

இலக்கியத்தில் வாழும் தமிழ் சமையலறையிலும் வாழவேண்டும். மின்சாரம் பாயும் வீட்டில் அதன் எச்சரிக்கையும் தாய்மொழியில் ஒலிக்கட்டும்.